பழைய மென்பொருளிடம் விண்டோஸ் சொல்லும் பொய்கள்

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்த கேள்வி, “நம்ம பழைய சாஃப்ட்வேர் இதுல ஓடுமா அண்ணாச்சி?” அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ் மில்லின் நெல் வரவுக் கணக்கு, டவுனில் ஒரு பலசரக்குக் கடையின் பில், பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் ரசீது என்று, யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த புரோகிராம்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கடைக்காரர், “போட்டுப் பாப்போம்” என்பார். தட்டிக்கழிக்கிற மாதிரி இருந்தாலும் அது நேர்மையான பதில்தான்.

புரோகிராமுக்கு வயதாவதில்லை. 1998-இல் எழுதிய ஃபைலின் ஒவ்வொரு பைட்டும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும். அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறிவிட்டது. சிஸ்டத்திடம் ஒன்று கேட்டால் இன்ன பதில் வரும், இந்த ஃபோல்டரில் எழுதலாம், இந்த இடத்தில் பிரிண்டர் இருக்கும் என்று நம்பித்தான் அது எழுதப்பட்டது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற விண்டோஸ் ஓயாமல் பொய் சொல்கிறது. எந்தப் பொய் எதுவரை செல்லுபடியாகும் என்பதைப் பொறுத்தே பழைய சாஃப்ட்வேர் ஓடுவதும் ஓடாததும்.

எளிய பொய்யிலிருந்து தொடங்கலாம். பல புரோகிராம்கள் தொடங்கியதுமே, ‘நீ எந்தப் பதிப்பு?’ என்று விண்டோஸைக் கேட்கும். விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பின் உள் எண் 5.1. ‘முதல் எண் 5-க்குக் குறையக்கூடாது, இரண்டாவது எண் 1-க்குக் குறையக்கூடாது’ என்று தனித்தனியாகச் சோதித்தவர்கள் உண்டு. அதற்கு அடுத்த பதிப்பான விஸ்டா 6.0 என்ற எண்ணோடு வந்தது. பூஜ்யம் ஒன்றைவிடச் சின்னது, ஆகவே ‘உன் விண்டோஸ் பழசு’ என்று புரோகிராம் படுத்துக்கொண்டது. அசட்டுத்தனம்தான்; ஆனால் திட்டு வாங்கியது விஸ்டா. விண்டோஸ் 8.1 முதல் மைக்ரோசாஃப்ட் உஷாராகிவிட்டது. புதுப் பதிப்பை அறிவேன் என்று தானாக அறிவிக்காத புரோகிராம் கேட்டால் 6.2, அதாவது விண்டோஸ் 8, என்றே பதில் போகும். விண்டோஸ் 11-லும் அதே கதைதான்.

ஐகானில் ரைட் கிளிக் செய்து கம்பாட்டிபிலிட்டி பகுதியில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்று தேர்ந்தெடுத்தால் இன்னும் பெரிய பொய்களை வரவழைக்கலாம். ஒரு புரோகிராம் விண்டோஸின் எந்தெந்த வசதியைக் கூப்பிடும், அவை நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்று ஒரு முகவரிப் பட்டியல் அதற்குள் உண்டு. புரோகிராமை ஏற்றும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலில் சில முகவரிகளை மாற்றிவிடும். கூப்பிடும் குரல் நேரே போகாமல், ‘ஷிம்’ என்ற குட்டி இடைநிலைப் புரோகிராம் வழியாகப் போகும். அது கேள்வியைத் திருத்தும், அல்லது பதிலைத் திருத்தும்.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. சிம்சிட்டி விளையாட்டில், ‘வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடி படிக்கும் பிழை ஒன்று இருந்தது. முந்தைய விண்டோஸில் அந்த இடத்தை யாரும் உடனே தொடாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-இல் விளையாட்டு கவிழ்ந்தது. சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அந்த நினைவகத்தை அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளாமல் இருக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். குற்றம் ஒருவருடையது, பழி இன்னொருவருக்கு என்பதை மைக்ரோசாஃப்ட் நன்றாகப் புரிந்து வைத்திருந்தது.

பொய்களில் ஒன்று நம் கடைகளில் வம்பாகவும் முடியும். எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலும் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர்கள்தான். அதனால் பில் போடும் புரோகிராம்கள் தங்கள் கணக்கையும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுதின. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா, சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதியில்லை என்றது. தடுத்தால் புரோகிராம் நின்றுவிடும். ஆகவே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிட்டு, அந்த ஃபைலைப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்தில் விண்டோஸ் வைத்துவிடுகிறது. படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். புரோகிராமுக்குச் சந்தேகமே வராது. ஆனால் புரோகிராம் ஃபைல்ஸை பென் டிரைவில் காப்பி செய்து, பேக்கப் எடுத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவரிடம் இருப்பது வெறும் கூடு. புதுக் கணக்கு ஒன்றும் அதில் இராது. கடைப் பையன் வேறு லாகினில் நுழைந்தால் அவனுக்கு வேறு கணக்கு தெரியும். இப்படிப்பட்ட புரோகிராம்களை சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவுவதே நல்லது.

32 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடுவதும் இதே வித்தைதான், இன்னும் பெரிய அளவில். (பிட் எண் என்பது சிப் ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அகலம்; முதலில் 16, பிறகு 32, இன்று 64.) கன்னடியன் கால்வாயின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்தால் போதும். அது மழையால் வந்ததா, பாபநாசம் அணையில் ஷட்டர் திறந்ததால் வந்ததா என்று வயலுக்குத் தெரியாது. ‘சிஸ்டம்32’ ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைல் வேண்டும் என்று 32 பிட் புரோகிராம் கேட்கிறது. ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், 32 என்று பெயர் போட்ட ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 64 என்று முடியும் ஃபோல்டரில் இருப்பவை 32 பிட்! பெயரை மாற்றினால் அந்தப் பாதையை அப்படியே எழுதி வைத்திருந்த புரோகிராம்களெல்லாம் விழுந்துவிடும் என்றுதான் இந்தக் கோலம்.

16 பிட் என்று வந்தால் பொய் தீர்ந்துபோகிறது. இன்டெல்லின் 386 சிப் 1985-இல் வந்தபோது, பழைய 8086 சிப் போல நடிக்கும் ஒரு வசதியைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. 32 பிட் விண்டோஸ் அதை வைத்து, விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டமான டாஸின் புரோகிராம்களை ஓட்டியது. 64 பிட் நிலைக்குப் போன சிப்பில் அந்த நடிப்பு கிடையாது. அதனால்தான் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய டாஸ் கணக்கு புது மெஷினில் திறக்கவே மறுக்கிறது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது. விண்டோஸ் 11-இல் அதுவும் இல்லை. 32 பிட் புரோகிராமாக இருந்தும் நிறுவ முடியாமல் போவதுண்டு. அந்தக் காலத்தில் புரோகிராமை 32 பிட்டில் எழுதிவிட்டு, நிறுவும் செட்டப்பை மட்டும் 16 பிட்டிலேயே விட்டிருப்பார்கள். செட்டப் தயாரிக்கும் கருவியான இன்ஸ்டால்ஷீல்டின் சில பழைய செட்டப்களை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதில் தன்னிடமுள்ள 32 பிட் பதிப்பை விண்டோஸ் ஓட்டிவிடும். மற்றவற்றுக்கு வழியில்லை.

இனி செய்யக்கூடியது, மெஷினையே பொய்யாக உண்டாக்குவது. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்டது. பழைய சிப்பின் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யுமோ அதைத் தானே செய்து காட்டும். வேகத்தைக் குறைத்தும் வைக்கலாம், சில சமயம் குறைத்தே ஆகவேண்டும். டாஸ் காலத்து நிரல் எழுதும் கருவியான டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள், கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். சிப் வேகமாக ஆக, விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போய், ‘ரன்டைம் எரர் 200’ வந்து நிற்கும். மெஷின் மெதுவாக இருப்பதற்காக அல்ல, வேகமாக இருப்பதற்காக ஒரு புரோகிராம் சாகும் விந்தை இது. டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகவே பிறந்தது. பில் அச்சிட வேண்டுமானால் பிரிண்டர் வசதி சேர்த்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஏற்றது.

விர்ச்சுவல் மெஷின் வேறு வகை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை கம்ப்யூட்டரின் பாகங்களை மட்டும் போலியாகக் காட்டி, கட்டளைகளை உண்மையான சிப்பிலேயே ஓடவிடும். உள்ளே 32 பிட் எக்ஸ்பியை நிறுவினால் டாஸ் கணக்கும் பழையபடி ஓடும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால், அதற்கு இன்டர்நெட் இணைப்பைக் கொடுக்காமல் வைப்பதே புத்தி. லினக்ஸ்காரர்களின் ‘வைன்’ 1993-இல் தொடங்கியது. அது சிப்பையும் போலி செய்வதில்லை, விண்டோஸையும் நிறுவுவதில்லை. விண்டோஸ் தரவேண்டிய பதில்களைத் தானே தருகிறது. 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் விண்டோஸ் புரோகிராம்களை 64 பிட் லினக்ஸில் வைன் ஓட்டும் என்பதை மைக்ரோசாஃப்ட்காரர்கள் ரசிப்பார்களா என்று தெரியவில்லை.

இவ்வளவு பொய்யும் எடுபடாத இடம் டிரைவர். அது சிஸ்டத்தின் கருவுக்குள் ஓடுவது; அங்கே 32-ஐ 64 ஆகக் காட்ட யாருமில்லை. பூட்டுச் சாவி போல டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும் பழைய சாஃப்ட்வேர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். யுஎஸ்பி டாங்கிள் என்றால் விர்ச்சுவல் மெஷினுக்குள் கடத்திவிடலாம். பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளுக்கு, புது மெஷினில் அந்தப் போர்ட்டே இராது.

கடைசியாகத் தமிழ். கோயில் கொடை விழா நோட்டீஸ் அடிக்கும் அச்சகங்களில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கு நெடுங்காலம் மவுசு. வரி கொடுக்கும் வரிதாரர் பெயர்களைக் கூட்டிக் குறைத்துப் போன வருடத்து ஃபைலையே திருத்தலாமே. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வந்தது. 32 பிட் என்பதால் மல்லுக்கட்டினால் இன்றும் ஓடக்கூடும். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த பெயர்ப் பட்டியலை அதில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். யூனிகோட் தெரியாத புரோகிராமுக்கு எழுத்தைக் கொடுக்குமுன் விண்டோஸ் அதைப் பழைய 256 இடப் பட்டியல் ஒன்றுக்கு மாற்றும். ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் அப்படிப் பட்டியல் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அதனால் ரீஜன் செட்டிங்கில் எதை மாற்றினாலும் பயனில்லை.

பழைய பேஜ்மேக்கர் ஃபைலில் இருப்பது கணினியின் கணக்குப்படி ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது ஃபாண்ட். ஆகவே யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் எழுத்துக்கு எழுத்து பதிலி போட்டால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். ‘கொடை’யில் பழைய ஃபாண்ட், கண்ணில் படும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று வைத்திருக்கும், யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அடுத்து. ‘டை’யிலும் இணைக்கொம்பு முன்னால் நிற்கும், அதைப் பின்னால் தள்ளவேண்டும். ஒவ்வொரு ஃபாண்ட் குடும்பத்துக்கும் அட்டவணை வேறு என்பதால், ஃபைல் எந்த ஃபாண்டில் அடித்தது என்பதைப் பழைய மெஷினைக் கழற்றிப் போடுமுன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.