மஞ்சளாகிப்போன பெற்றோல் தாங்கியை வெளுக்க முதல்

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார். பழைய மோட்டோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறார். அதன் வெள்ளைப் பிளாஸ்ரிக் தாங்கி வெற்றிலைக் கறை படிந்த பல் மாதிரி இருக்கிறதாம்.

"அண்ணை, கழுவித் துடைச்சு வச்சிட்டன். ஹீட் கன்னால சூடு காட்டினால் மஞ்சள் போகும் எண்டு வீடியோவில பாத்தனான். எவ்வளவு தூரத்தில பிடிக்கிறது?"

"அதை விடும். இப்ப எங்க நிண்டு செய்யிறீர்?"

"பேஸ்மன்ட்லதான் அண்ணை. வெளியில மைனஸ் பதினைஞ்சு."

"சுடுதண்ணி ராங்க் எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பின்னுக்குத்தான். பத்தடி இருக்கும்."

எந்தச் சுவிட்சையும் தொடாமல், தாங்கியை அப்படியே தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போகச் சொன்னேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கழுவித் துடைத்துவிட்டால் தாங்கி வெறுமையாகிவிட்டது என்று நம்பியவர் அவர் மட்டும் அல்ல. என் பட்டறைக்குத் தாங்கி கொண்டுவரும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, 1970-களிலும் 80-களிலும் வந்த காட்டுப்பாதை வண்டிகளைத் திருத்துவதுதான் என் தொழில். 1973இல் ஹொண்டா விட்ட எல்சினோர் சிஆர்250எம் வண்டியில் இருந்தது அலுமினியத் தாங்கி. பத்து வருடத்துக்குள் ஓட்டப்பந்தய வண்டிகளில் அநேகமாக எல்லாமே பிளாஸ்ரிக்குக்கு மாறிவிட்டன. பாரம் குறைவு, துருப்பிடிக்காது, விழுந்தால் நெளியாது. நிறத்தை மேலே பூசவும் தேவையில்லை, வார்க்கும்போதே உள்ளே கலந்துவிடுவார்கள். ஹொண்டாவின் சிவப்பு, கவாசாகியின் பச்சை, சுசுகியின் மஞ்சள், 80-களின் நடுப்பகுதியில் யமஹா வைஇசட் வண்டிகளின் வெள்ளை எல்லாம் அப்படி வந்தவை. 1973இல் இத்தாலியின் பெர்கமோப் பக்கம் தொடங்கிய அசெர்பிஸ் போன்ற நிறுவனங்கள் நிறமே கலக்காத பால்நிறத் தாங்கிகளையும் செய்தன. உள்ளே எவ்வளவு பெற்றோல் நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், அதற்காகவே ஓட்டிகள் விரும்பி வாங்கினார்கள். இன்று மஞ்சளாகி வந்து சேருபவற்றில் அதிகம் இந்த வெள்ளையும் பால்நிறமும்தான்.

இந்தத் தாங்கிகள் அநேகமாக எல்லாமே பொலித்தீன் வகை. ஊரில் மண்ணெண்ணெய்க் கான் வைத்திருந்தவர்களுக்கு இதன் குணத்தை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல், காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த மண்ணெண்ணெய்க் கானைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மூடியை மூடி வைப்போம். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் அதே மணம். அம்மா அதில் தண்ணீர் பிடிக்கவே விடமாட்டா. கானுக்குள் எண்ணெய் இல்லைத்தான். ஆனால் கானின் சுவருக்குள் இருந்தது.

பெற்றோல் தாங்கியும் இதேதான். வருடக்கணக்காகப் பெற்றோல் நின்ற பொலித்தீன் சுவர் அதைக் குடித்து வைத்திருக்கும். உள்ளே கழுவித் துடைத்தாலும், மூடி வைத்தால் சுவரிலிருந்து ஆவி திரும்ப வரும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்துபோய்ச் சுடுதண்ணி ராங்கின் சின்னச் சுவாலையைத் தேடிப் பிடிக்கும். பெற்றோல் தீப்பற்றும் ஆவியை விடுவதற்குச் சூடே தேவையில்லை, மைனஸ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே அது தொடங்கிவிடும். ஆகவே கனடாக் குளிரை நம்பிப் பயனில்லை. காற்றில் ஒன்றரை வீதத்துக்கும் ஏழரை வீதத்துக்கும் இடையில் ஆவி கலந்திருந்தால் பொறி ஒன்று போதும். நிரம்பிய தாங்கிக்குள் காற்று இல்லை. வெறுந்தாங்கிக்குள்தான் அந்தக் கலவை சரியாக வந்து நிற்கிறது.

ஹீட் கன் என்பது சுடுகாற்றை ஊதும் கருவி. அதன் வாயில் சூடு 500 பாகைக்கு மேல் போகும். பெற்றோல் ஆவி சுவாலை எதுவும் இல்லாமல் தானாகவே பற்றுவதற்கு 300 பாகைகூடத் தேவையில்லை. பொலித்தீனோ 130 பாகை அளவில் உருகிவிடும். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடு காட்டினால் மேற்பரப்பு லேசாக உருகிப் பளபளப்பு வரும் என்பது உண்மைதான், வீடியோவில் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் பெற்றோல் குடித்த தாங்கிக்கு நான் இதைச் செய்வதில்லை, செய்யச் சொல்லி யாருக்கும் சொல்வதும் இல்லை.

சரி, மஞ்சளுக்கு வருவோம்.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. முதலாவது, பெற்றோலும் அதோடு கலந்து ஊற்றும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயும் ஊறிய கறை. இந்த எண்ணெய்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயம் போட்டு விற்கிறார்கள். பழைய பெற்றோல் கெட்டுப்போனால் தேன் மாதிரி ஒரு பசையும் படியும். இவையெல்லாம் உள்ளிருந்து வெளியே ஊறி வருபவை. பெற்றோல் வழக்கமாக நின்ற மட்டம் வரை நிறம் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, வெயில் தின்றது. புறஊதாக் கதிர் பட்ட பக்கம் மட்டும் வெளிறி அல்லது பழுப்பேறி, சுண்ணாம்பு தடவியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். சீற்றுக்குக் கீழே மறைந்த பகுதியும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடமும் பழைய நிறத்திலேயே நிற்கும். சிவப்புத் தாங்கிகள் ரோஸ் நிறமாகப் போவதும் இதனால்தான்.

மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிளாஸ்ரிக் கெடாமல் இருக்க வார்க்கும்போது சேர்க்கிற ஃபீனோல் வகை மருந்து, வாகனப் புகையிலும் எரிவாயு ஹீற்றரின் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஒக்சைட்டுகளோடு சேர்ந்து மஞ்சளாகும். இருட்டுக் கராஜில் இருபது வருடம் கிடந்த தாங்கி, வெயிலே படாமல் மஞ்சளாகி இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். மூன்றிலும் லேசாகத் தீர்வது இதுதான். வெயிலில் வைத்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்க நான் செய்வது சின்ன வேலை. தாங்கியைக் கவிழ்த்தால் சட்டத்தின் மேல் உட்காரும் பள்ளம் ஒன்று இருக்கும், வண்டியில் பூட்டினால் யார் கண்ணிலும் படாது. அங்கே பிளேட் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து மெல்ல இழுப்பேன். தேங்காய்ப்பூ மாதிரிச் சுருள் சுருளாக வரும். முதல் சுருள் மஞ்சள். இரண்டாவது கொஞ்சம் வெளிறல். மூன்றாவது வெள்ளையாக வந்தால் நிறம் தோலோடு நிற்கிறது, உரசி எடுக்கலாம். ஐந்தாவது ஆறாவது சுருளும் அதே மஞ்சளாக வந்தால் கறை சுவர் முழுக்கப் போய்விட்டது. அதற்கு மேல் சுரண்டக்கூடாது. வார்ப்புத் தாங்கிகளின் வெளிமூலைகளில் சுவர் ஏற்கெனவே மெல்லியது. நிறத்தைத் தேடிச் சுரண்டிச் சுரண்டி மூலையைக் கடதாசியாக்கிக் கொண்டுவந்த ஒருவருக்கு, இதை இனி வண்டியில் பூட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஆவியை வெளியேற்றுவது. மூடியையும், அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குழாயான கொக்கையும் கழற்றி, மிச்சத்தை வெளியில் வைத்து வடியுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், ஆபத்தான கழிவு எடுக்கும் மாநகர நிலையத்தில் கொடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் விட்டு நாலைந்து தரம் குலுக்கிக் கழுவி, திறந்தபடியே வெளியில் காற்றாட வையுங்கள். ஒருநாள் இரண்டுநாள் போதாது, நான் இரண்டு கிழமைக்குக் குறைய வைப்பதில்லை. அதன் பிறகு ஓரிரவு மூடி வைத்து, மறுநாள் வெளியில் வைத்துத் திறந்தால் மணம் வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் இன்னும் ஒரு கிழமை. பட்டறையில் இதற்கு ஆவி அளக்கும் கருவி வைத்திருக்கிறேன். மூக்கு பழகிவிடும், கருவி பழகாது.

உரசுவதென்றால் தண்ணீர் விட்டு ஈரமாகவே உரசுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. பொலித்தீனைக் காய்ந்த துணியால் தேய்த்தாலே நிலைமின்சாரம் ஏறும், குளிர்காலக் காய்ந்த காற்றில் இன்னும் மோசம். அந்தப் பொறி போதும். 180 இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 320, 600, 1000 என்று படிப்படியாகப் போங்கள். பொலித்தீன் மெழுகு மாதிரி மென்மையானது. அவசரப்பட்டு இலக்கத்தைத் தாண்டினால் மயிர் மயிராக எழும்பி நிற்கும், பிறகு எவ்வளவு பொலிஷ் போட்டாலும் படியாது. கண்ணாடிப் பளபளப்பையும் எதிர்பார்க்காதீர்கள். புதிதாக வந்தபோதே இந்தத் தாங்கிகளுக்கு மெல்லிய மங்கல் இருந்தது.

ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெயிலில் வைக்கும் முறையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பழைய கணினிப் பெட்டிகளை வெளுக்கத்தான் இது பிரபலமானது. அவை வேறு பிளாஸ்ரிக், மஞ்சளாகும் காரணமும் வேறு. தாங்கியில் மேற்பரப்பு மஞ்சள் குறையும், பெற்றோல் கறை அசையாது. முயல்வதென்றால் தலைமயிர் வெளுக்கும் கடைகளில் கிடைக்கும் 12 வீதக் களிம்பைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுப் பூசி, காயாமல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் சுற்றி, அடிக்கடி திருப்பி வையுங்கள். ஓரிடத்தில் காய்ந்தால் வரி விழும். பெரொக்சைட்டைத் தாங்கிக்குள் ஊற்றி மூடியைத் திருகி வைக்கவே வேண்டாம். ஒட்சிசன் வாயு சேர்ந்து அமுக்கம் ஏறித் தாங்கி வெடிக்கலாம். நாள்கணக்காக வெயிலில் வைப்பதும் நல்லதல்ல. நிறத்தை வெளுக்கும் அதே கதிர்தான் பிளாஸ்ரிக்கை நொறுங்கவும் வைக்கிறது.

குளியலறை கழுவும் பிளீச்சை முயல்கிறவர்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: அதோடு கழிப்பறைக் கறை போக்கும் அமிலத் திரவத்தைக் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு. மூடிய கராஜுக்குள் அது ஆளை விழுத்திவிடும்.

பெயின்ற் அடித்து மறைக்கலாமா என்றால், பொலித்தீனில் பெயின்ற் பிடிக்காது. பிடித்தாலும் சுவரால் கசியும் ஆவி அடியிலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். ஸ்டிக்கர்களுக்கும் இதே கதி. அதனால்தான் தாங்கிக்கென்று வரும் ஸ்டிக்கர்களில் ஊசித்துளைகள் போட்டிருக்கிறார்கள். இரும்புத் தாங்கிக்குள் ஊற்றும் எபொக்சிப் பூச்சும் இதில் உரிந்து வந்து காபரேட்டரை அடைக்கும்.

நிறத்தைவிட முக்கியமாக நான் பார்க்கும் இடங்கள் இரண்டு. வண்டியில் பூட்டும் ஆணித் துளைகளைச் சுற்றி மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா? கொக் திருகும் பித்தளைப் பூண் ஆடுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் தாங்கி சுவரில் மாட்டி வைக்கத்தான் சரி. பல வண்டிகளுக்குப் புதிதாக வார்த்த தாங்கி வாங்கலாம். கீழே சுடச்சுட எஞ்சினும் புகைக்குழாயும், மேலே இரண்டு காலுக்கும் நடுவில் இந்தத் தாங்கியும் இருப்பதை மறக்கக் கூடாது.

அந்தத் தம்பியின் தாங்கியைச் சித்திரையில் கொண்டுவரச் சொன்னேன். அதுவரை மூடியில்லாமல், மழைத்தண்ணீர் போகாதபடி கவிழ்த்து, பின்வளவுக் கொட்டிலில் வைத்திருந்தார். பிளேட்டால் இழுத்தபோது நாலாவது சுருளிலும் மஞ்சள். இருவருமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் உரசினோம். சொரசொரப்புப் போனது, கோடுகள் போயின, நிறம் பாதிதான் இறங்கியது. தேங்காய்ப்பால் கொஞ்சம் பழசானால் வருகிற நிறம்.

"இன்னும் உரசுவமா அண்ணை?" என்று கேட்டார்.

மூலையில் விரலால் அமத்திக் காட்டினேன். லேசாக வளைந்து கொடுத்தது. அவரே சாண்ட் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் துளை போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, அந்த நிறத்தோடேயே பூட்டினோம். ஓடாத நாட்களில் பெற்றோலை வடித்துவிட்டு, வெயில் படாமல் பழைய பருத்தித் துணியால் மூடி வைக்கிறார். வண்டி நிற்பது பேஸ்மன்டில் அல்ல, கொட்டிலில்.