சிமென்ட் காய்வதில்லை

மதுரையில் மே மாதம் தளம் போட்டவரைக் கேட்டுப் பாருங்கள். "நல்ல வெயில், ஒரே நாளில் காய்ந்துவிட்டது" என்பார் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கும். துணி காயும், வடகம் காயும், சிமென்ட் காய்வதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் அது கல்லாகிறது.

திருமலை நாயக்கர் மஹாலின் சுண்ணாம்புச் சாந்து வேறு ரகம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகும். சிமென்டோ தண்ணீருக்கு அடியில்கூட இறுகும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டு, வரும் கட்டிகளைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சிமென்ட். ஜிப்சம் சேராவிட்டால், கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை இறுகிவிடும். இறுக ஆரம்பிக்கவே குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும் என்பது விதி.

எவ்வளவு நைசாக அரைக்கிறார்கள் தெரியுமா? சாதாரண சிமென்ட் ஒரு கிலோவில் உள்ள துகள்களின் மேற்பரப்பைக் கூட்டினால் குறைந்தது 225 சதுர மீட்டர் வர வேண்டும். நம் கணக்கில் ஐந்தரை சென்ட் மனை! அத்தனை பரப்பிலும் தண்ணீர் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இழைகள் வளர்ந்து மணலையும் ஜல்லியையும் பின்னிக்கொள்ளும். அதே பரப்பு காற்றின் ஈரத்தையும் குடிக்கும். மூட்டையில் கட்டி இருந்தால் விரலில் நசுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் அடுக்கிய பாரத்தால் வந்தது, சரி. உதிராவிட்டால் ஈரம் பட்டுவிட்டது. அந்த மூட்டை வேண்டாம்.

மூட்டையில் 53 கிரேடு என்று போட்டிருந்தால், மணல் சேர்த்துச் செய்த சிறு கனசதுரம் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று அர்த்தம். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. உங்கள் தளத்துக்கு அந்த வலு தானாக வந்துவிடாது. வெயிலுக்குக் கலவை இறுகுகிறதே என்று சித்தாள் இன்னொரு குடம் ஊற்றினால் கதை மாறிவிடும். 50 கிலோ மூட்டை வேதிவினைக்குக் குடிப்பது ஏறக்குறைய 12 லிட்டர்தான். வேலை ஓட இன்னும் கொஞ்சம் தேவை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஊற்றியதெல்லாம் பின்னால் ஆவியாகி உள்ளே ஓட்டைகளை விட்டுப் போகும்.

அப்புறம் பாத்தி. தளத்தின் மேல் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவது, குடித்து முடிக்காத சிமென்டுக்குத்தான். நம்மூர் வெயிலுக்குச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 14 நாள் நிறுத்துவது நல்லது. லாரித் தண்ணீருக்குக் காசு பார்த்து நாங்கள் மூன்றாம் நாளே பாத்தியை உடைத்தோம். எங்கள் மொட்டை மாடியில் கையால் தேய்த்தால் இன்றைக்கும் மாவு ஒட்டுகிறது.