இன்ஸ்பயர் உதவித்தொகை: வாங்குவது ஒரு பாடு, விடாமல் வைத்திருப்பது பெரும்பாடு

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்கள் அடிப்படை அறிவியல் படிப்பை விட்டுப் போய்விடக் கூடாது என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் உதவித்தொகை இது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவருக்கு, 20,000 கோடை விடுமுறையில் செய்யும் ஆய்வுத் திட்டத்துக்கு. வருமான வரம்பு கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

முதல் சிக்கல் பாடம். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்ந்தால்தான் உண்டு. பொறியியலுக்குக் கிடையாது, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கிடையாது. "பி.எஸ்சி. தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று சேர்க்கை நேரத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உதவித்தொகைக்கான பாடப் பட்டியலில் உங்கள் பாடத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, வருடம். பிளஸ் டூ முடித்த அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும், முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கவும் வேண்டும். நீட்டுக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு அப்புறம் பி.எஸ்சி. சேர்ந்தவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். எவ்வளவு மார்க் இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது, கடிதம். பெரும்பாலோருக்கு வழி, தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருவதுதான். அப்படி வந்தவர்களுக்கு வாரியம் தரும் தகுதிக் கடிதம் வரவில்லை என்றதும் பள்ளிக்கூடத்தில் கல்லூரியைக் கேட்கச் சொல்வார்கள், கல்லூரியில் பள்ளியைக் கேட்கச் சொல்வார்கள். அலையாதீர்கள். வாரியத்தின் கட்-ஆஃபைத் தாண்டிய மார்க் இருந்தால் கடிதம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரி முதல்வரின் சான்றை உதவித்தொகை தரும் துறை கொடுத்திருக்கும் படிவத்திலேயே வாங்குங்கள். அலுவலகத்தில் வழக்கமாக அடித்துத் தரும் போனஃபைடு செல்லாது. கையெழுத்தும் முத்திரையும் ஸ்கேனில் தெளிவாகத் தெரிய வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் வேறு ஒரு தலைவலி: மார்க் ஷீட்டில் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. யாரோ எப்போதோ அடித்த இனிஷியலுக்குப் பதினேழு வயதுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

சரி, தேர்வாகியாயிற்று. பணம் மாதாமாதம் வராது, பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். அதை நம்பி முதல் வருடக் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். படிப்பை நிறுத்தும் பேச்சு வீட்டில் கிளம்புவதே இந்தக் காத்திருப்பில்தான்.

தொடர்ந்து பெற ஒவ்வொரு ஆண்டும் 60 சதவீதம், அல்லது பத்துக்கு 6.0 சி.ஜி.பி.ஏ. எடுத்தாக வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் முதல் செமஸ்டரை எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் பணம் அதிகம் தேவை, விதியோ அந்த நேரம் பார்த்து நிறுத்துகிறது. அரியர் விழும் என்று தோன்றினால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள்.

அந்த 20,000 தானாக வராது. வழிகாட்டியை நீங்களே தேடிப் பிடித்து, திட்டத்தைச் செய்து, அறிக்கையையும் அவருடைய சான்றையும் பதிவேற்ற வேண்டும். மே மாதத்தில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். பொங்கல் முடிந்ததுமே கேட்கத் தொடங்குங்கள். கையெழுத்து வாங்க வேண்டிய படிவம் எதுவானாலும் முதல்வர் விடுமுறையில் போவதற்குள் வாங்கி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.