பர்மிஷன், அனுமதி, இசைவு

கொடைக்கானலில் 'பர்மிஷன்' என்றதும் நினைவுக்கு வருவது பேரிஜம் ஏரிதான்: வனத்துறையிடம் சீட்டு வாங்கினால்தான் வண்டி உள்ளே போகும், குறித்த நேரத்துக்குள் திரும்பியும் விட வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர்க்காரர்கள் மலையேறவே இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் கேட்பவர் நாம், கொடுப்பது அரசு. கைப்பேசிச் செயலி நம் படங்களைப் பார்க்கப் பர்மிஷன் கேட்கும்போது இந்த முறை தலைகீழாகிறது; சோதனைச் சாவடியில் நிற்கும் வனக்காவலர் நாமேதான். ஆனாலும் சீட்டுக்குக் காத்திருப்பவரைப் போல அவசரமாகப் பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

இந்த அவசரத்தில் சொல்லுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். 'பர்மிஷன்' என்பதன் மூலமான இலத்தீன் வினை 'பெர்மித்தேரே'. 'பெர்' என்றால் ஊடாக, 'மித்தேரே' என்றால் விடுதல், அனுப்புதல். ஆக, ஊடே போகவிடுதல். திரையில் நாம் காணும் 'அனுமதி' வடசொல். தமிழில் அது பெயராகவும் நிற்கும், ஏவலாகவும் நிற்கும் என்பதால், பொத்தானில் தனியே இருக்கும்போது கோரிக்கையின் தலைப்பா, நமக்கு இடப்பட்ட கட்டளையா என்று பிரித்தறிய முடிவதில்லை. மேலிடத்திலிருந்து கிடைப்பது என்ற சாயலும் அதற்கு ஒட்டிவிட்டது.

'இசைவு' அப்படியன்று. பொருந்துதல், உடன்படுதல் என்று பொருள்படும் 'இசை' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லில், இசைபவரின் மனமே முன்னிற்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைகளுக்குத் தரும் 'இசைவாணை' வழியே அலுவலகத் தமிழுக்கும் இது பழகிய சொல்தான். 'ஒப்புதல்' என்றும் சொல்லலாம். எனக்கு அதில் கையொப்பத்தின் வாடை சற்றுத் தூக்கல்.

எதற்கு இசைகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மூடுபனிக்குள் எடுத்த படமொன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளையைத் தவிர அதில் ஒன்றுமே தெரியாது. விவரப் பகுதியைத் திறந்தால் 10.23, 77.49 என்று அட்சரேகை, தீர்க்கரேகையாக இடமும், எடுத்த நாளும் நிமிடமும் கைப்பேசியின் மாதிரியும் பளிச்சென்று நிற்கின்றன. வீட்டு வாசலில் எடுத்த படமும் வீட்டை இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆண்ட்ராய்டு 6 வெளிவந்த 2015க்கு முன், அக்கைப்பேசிகளில் செயலியை நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் ஒருசேரத் தலையாட்ட வேண்டியிருந்தது. ஐபோனின் ஐஓஎஸ் 14 (2020), ஆண்ட்ராய்டு 14 (2023) ஆகியவை தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்ட வழிசெய்தன. வாழ்த்து அட்டை செய்யும் செயலிக்கு அதற்கு மேல் இசையத் தேவையே இல்லை. முன்பு இசைந்ததை அமைப்புகளுக்குள் சென்று திரும்பப் பெறலாம். அதற்குள் செயலி தன் சர்வருக்கு ஏற்றிக்கொண்ட படங்கள் மட்டும் அதனால் திரும்பி வந்துவிடுவதில்லை.