மிக்ஸியில் அரைத்தால் மாட்சா ஆகுமா?

"க்ரீன் டீயை வாங்கி மிக்ஸியில் அரைத்தால் மாட்சாதானே? எதற்கு இவ்வளவு விலை?" என்று ஜப்பானியத் தேயிலைப் பொடியான மாட்சாவைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அரைத்துப் பாருங்கள், பச்சையாகப் பொடி வரும். ஆனால் நாக்கு கசந்து துவர்த்துப் போகும். அந்தக் கசப்பைத்தான் ஜப்பானியர்கள் தோட்டத்திலேயே தடுத்துவிடுகிறார்கள்.

தேயிலைப் பொடியை வெந்நீரில் நுரைக்க அடித்துக் குடிப்பது சோங் அரச வம்சக் காலச் சீனர்களின் பழக்கம். அங்கே போயிருந்த ஜப்பானிய ஜென் பௌத்தத் துறவி எய்சாய் 1191இல் விதைகளோடு ஜப்பான் திரும்பினார் என்பார்கள். 1211இல் அவர் எழுதிய தேநீர் நூல் வைத்தியம் பேசுகிறது: இதயத்துக்கு உகந்த சுவை கசப்பு, தேநீர் கசக்கும், ஆகவே குடியுங்கள்! 1214இல் ஷோகன் (ராணுவ ஆட்சித் தலைவர்) சனெதோமோவுக்கு உடம்பு சரியில்லை. முந்தைய இரவுக் குடிதான் காரணம் என்று பேச்சு. எய்சாய் அவருக்குத் தேநீரையும் கொடுத்தார், அதன் புகழ் பாடும் நூலையும் கொடுத்தார். 'கொழுப்பைக் கரைக்கும்' என்று இன்று மாட்சா விற்கிறவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். சீனாவில் பிறகு இலையை ஊறவைத்துக் குடிக்கத் தொடங்கி, பொடியை மறந்துபோனார்கள். ஜப்பானில் அது தங்கிவிட்டது.

சரி, கசப்புக்கு வருவோம். கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள ஊஜியில், 16ஆம் நூற்றாண்டிலேயே, கொழுந்து பறிக்கச் சில வாரங்கள் இருக்கும்போது தோட்டத்தின் மேல் நாணல் தட்டியும் வைக்கோலும் பரப்பிப் பந்தல் போட்டார்கள். உறைபனிக்குப் பயந்து தொடங்கியது என்று சொல்வதுண்டு. ஆனால் பந்தலுக்கடியில் வளர்ந்த கொழுந்து இனித்தது!

தேயிலைச் செடி தியானின் என்ற அமினோ அமிலத்தை வேரில் சமைத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அந்த இனிப்பும், சூப்பில் வருவது போன்ற உமாமிச் சுவையும் அதன் வேலை. வெயில் பட்டால் இலை தியானினை உடைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டே கேட்டசின்களைக் கட்டுகிறது. கசப்பும் துவர்ப்பும் அவற்றால்தான். அதாவது, இனிப்பை உடைத்துக் கசப்பைச் செய்கிறது! பந்தல் போட்டால் இந்த வேலை மந்தமாகி, வேர் அனுப்பிய தியானின் அப்படியே சேர்கிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துவிட இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. மாட்சாவின் அந்தக் கரும்பச்சை இப்படி வந்ததுதான். தியானினை அடையாளம் கண்டது 1950ஐ ஒட்டி, கியோட்டோவில், இதே போல நிழலில் வளர்த்த க்யோகுரோ என்ற தேயிலை வகையின் இலையில். பயிர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க மூக்கால் அழுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பறித்த கொழுந்தை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகையில் அரைக்கிறார்கள். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் கிடைப்பது சுமார் 40 கிராம், ஒரு சின்ன டப்பா. விலை கேட்டிருந்தீர்களே!