ஷியா: மறவனா, எத்தனா?

சீன வீரசாகசக் கதைகளுக்கு ‘வூஷியா’ என்று பெயர். ‘வூ’ என்பது போர்த்திறம். ‘ஷியா’ என்பது அத்திறத்தைப் பிறர் துயர் களையச் செலவிடும் ஆள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சீனச் சட்டவாதச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் இச்சொல்லை வசையாகவே ஆண்டார்: கற்றோர் எழுத்தால் சட்டத்தைக் குலைக்கிறார்கள், ஷியாக்கள் படைக்கலத்தால் தடையை மீறுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் ஸிமா சியென், அந்த மீறலை மறைக்காமலே, சொன்ன சொல் காப்பதையும் இன்னலுற்றோருக்காக உயிரைப் பொருட்படுத்தாமையையும் அவர்களது பெருமையாகக் கண்டு, தம் வரலாற்று நூலில் அவர்களுக்கென ஓர் இயலே ஒதுக்கினார். ‘வூஷியா’ என்னும் கூட்டுச்சொல்லோ மிகப் பிந்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய வழக்கிலிருந்து சீனத்துக்கு வந்தது.

‘ஷியா’வைத் தமிழில் ‘வீரன்’ என்று பெயர்த்தால் சட்டமீறல் விடுபடுகிறது; ‘சான்றோன்’ என்பது சங்ககாலத்தில் போர்வீரனையும் குறித்ததாயினும் இன்று வாளைக் கீழே வைத்துவிட்டது. ‘மறம்’ மட்டுமே வீரத்தையும் அறத்துக்கு மாறானதையும் ஒருங்கே சுட்டுவது, ஹான் ஃபெய்யின் வசையும் ஸிமா சியெனின் புகழும் ஒரே சொல்லில் அடங்குவதுபோல. தனித்து நின்றால் ‘மறவர்’ சாதிப்பெயராகவும் படிக்கப்படும் என்பதால், ‘அறமறவன்’ என்பதே என் தெரிவு. ஒலிபெயர்க்கலாமே எனில், வகரம் ஊகாரத்தோடு மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய விதி. விதிக்கு அடங்கி ‘ஊசியா’ என்று எழுதினால் தையற்காரரிடம் கேட்பதுபோல் இருக்கும்.

இந்தச் சொல்லைச் சோதிப்பவன் வெய் ஷியாவ்பாவ். வூஷியா நாவலாசிரியர் ஜின் யோங் 1969 முதல் 1972 வரை தொடராக எழுதிய ‘லூ திங் ஜி’ நாவலின் நாயகனான இவன், யாங்ஜோ நகரத்துப் பரத்தையர் விடுதியில் பிறந்தவன், எழுத்தறியாதவன், பகடையில் ஏமாற்றுவான், சண்டையில் எதிரியின் கண்ணில் சுண்ணாம்புப் பொடியை வீசுவான். போர்த்திறம் ஏறக்குறைய இல்லை, நாக்குதான் ஆயுதம். ஆனால் காங்ஷி பேரரசரின் நண்பனாகவும், அவரது அரசைக் கவிழ்க்க முனையும் இரகசியச் சங்கத்தின் உறுப்பினனாகவும் ஒரே வேளையில் இருந்துகொண்டு, இரு தரப்பாரும் வற்புறுத்தியும் ஒருவருக்காக மற்றவரைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான். ஸிமா சியென் போற்றிய பற்றுறுதியில் ஒரு பங்கேனும் அவனிடம் இருக்கிறது, மறம்தான் இல்லை. அந்நாவல் வூஷியாவைவிட வரலாற்று நாவலுக்கே நெருக்கமானது என்று ஜின் யோங்கே பின்னுரையில் எழுதியிருப்பதால், அவனை ‘அறமறவன்’ என்று வலிந்து அழைக்க வேண்டியதில்லை. ‘எத்தன்’ என்பதே அவனுக்குப் பொருந்தும்.