777 கொடுத்தும் திறக்காத சர்வர்

கோப்புப் பரிமாற்றச் சர்வரில் பயனர் ஒருவர் நுழைய முடியவில்லை என்றால், நிர்வாகிகள் பலர் அவருடைய கோப்புறையின் அனுமதியை உடனே 777 என்று மாற்றிவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், உள்ளே செல்லலாம் என்பது அதன் பொருள். ஆனால் லினக்ஸில், தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் வழியாகப் பயனரை ஒரே கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் 'சிஎச்ரூட்' அமைப்பு இயங்கும் இடத்தில், இந்த மாற்றம் அதுவரை ஒழுங்காக நடந்துவந்த நுழைவையும் தடுத்துவிடும்.

அந்தக் கோப்புறையும் அதற்கு மேலுள்ள கோப்புறைகள் அனைத்தும் கணினியின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் பயனருக்கே உரியவையாக இருக்க வேண்டும், வேறு எவருக்கும் அவற்றில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது என்பது ஓப்பன்எஸ்எஸ்எச்சின் நிபந்தனை. அது மீறப்பட்டால், கடவுச்சொல் ஏற்கப்பட்ட மறுகணமே இணைப்பு அறுந்துவிடும். பயனரின் திரையில் காரணம் தெரியாது. சர்வரின் பதிவேட்டில்தான் உரிமையோ அனுமதியோ தவறு என்ற வரி இருக்கும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அடைக்கப்பட்ட பயனருக்கு அந்தக் கோப்புறையே முழுக் கணினியின் உச்சிபோலத் தோன்றுவதால், அதில் எழுத முடிந்தவர் தாமே தயாரித்த நிரல் நூலகத்தை அங்கே வைத்து, ரூட் அதிகாரத்துடன் ஓடும் சர்வரையே அதை ஏற்றவைக்க முடியும். 2011 இறுதியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற நெறிமுறை) சர்வரில் வெளிப்பட்ட ஓட்டை இத்தகையதே. விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரும் தன் 2.3.5 பதிப்பிலிருந்து, எழுதக்கூடிய உச்சிக் கோப்புறையைக் கண்டால் 500 என்ற எண்ணுடன் மறுக்கத் தொடங்கியது. இந்தத் தடையை நீக்கும் அமைப்பும் அதில் இருக்கிறது. அதைத் தொடாதிருப்பதே நல்லது. உச்சிக் கோப்புறையை ரூட்டிடம் 755 அனுமதியுடன் (உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், உள்ளே செல்லலாம்) விட்டுவிட்டு, அதனுள் பயனருக்கென ஓர் உட்கோப்புறையை அமைத்தால் போதும்.

எஃப்டிபியில் 530 என்று பதில் வந்தால் நுழைவே மறுக்கப்பட்டது எனக் கொள்ளலாம். கடவுச்சொல் கேட்கும் முன்பே அது வந்தால், தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விஎஸ்எஃப்டிபிடியில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் அந்தத் தடைப்பட்டியலே அனுமதிப் பட்டியலாகிவிடும் என்பதால் குழப்பம் எளிதில் நேரும். 550 என்றால் பெரும்பாலும் நுழைவு சரி, கேட்ட செயலுக்குத்தான் மறுப்பு. கோப்பை அழிக்க இயலவில்லை என்றால் அந்தக் கோப்பின் அனுமதியை விட்டு, அது இருக்கும் கோப்புறையின் அனுமதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஏனெனில் லினக்ஸில் அழித்தல் என்பது கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவதுதான். அதுவும் சரியாக இருந்து மறுப்பு நீடித்தால், கோப்பு அனுமதிகளுக்கு மேல் தனியாகக் கட்டுப்பாடு விதிக்கும் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கும் கணினிகளில் அதன் தணிக்கைப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தடை பதிவாகியிருந்தால் 777 ஒன்றும் செய்யாது.